ஒரே கையின் இரண்டு சீட்டுகள்

2008ஆம் ஆண்டு நவம்பர் 27, வியாழக்கிழமை காலை, ஷாஃப்ஹௌசன் மாநிலத்தில் உள்ள ரீட்டல் என்ற ஊரில், அவ்வூரின் முன்னாள் தலைவரும், பன்னிரண்டு ஆண்டுகள் தலைநகர் பெர்னில் தாராளவாதக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவருமான ஒஸ்வால்ட் வான்னர் தம் படுக்கையில் இறந்தார். வயது எண்பத்திரண்டு.

மூச்சு நின்றுவிட்டது என்று தெரிந்ததும் அவருடைய மகள் ரேகுலா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தாள். அம்மா இறந்தபோது அப்பாதான் அப்படித் திறந்துவைத்தார். கோயில் காரியங்களில் அவருக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனாலும் போகிற உயிருக்கு வழிவிட வேண்டும் என்ற அந்தப் பழக்கத்தை மட்டும் கேலி செய்ததில்லை. குளிர் உள்ளே வந்தது. சரிவில் இலை உதிர்ந்த திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாகக் கறுத்து நின்றன. எதிரே ஊராட்சி அலுவலகம். அதன் வாசலில் சாம்பல் நிறத் தபால் பெட்டி. பெட்டி கண்ணில் பட்டதும் அவள் ஜன்னலைப் பாதி சாத்தினாள்.

பிறகு ஜூரிக்கில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டாள்.

"எப்போக்கா?"

"இப்பதான். கஷ்டப்படல. தூக்கத்துலயே."

யூர்க்குக்குப் பின்னால் அலுவலகத்தில் யாரோ சிரிப்பது கேட்டது. கதவு மூடும் சத்தமும் கேட்டது.

"அடுத்த வண்டியில வர்றேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் இழுத்துப் பிடிச்சிருவாருன்னு நெனச்சேன். ரிசல்ட் கேக்காம போகமாட்டேன்னு சொல்லிட்டு இருந்தாரு."

"ம்."

"ஓட்டாவது போட்டாரா?"

"போட்டாச்சு. போன வாரமே."

"வேண்டாம்னுதானே?"

"ஓட்டு ரகசியம், யூர்க்."

அவன் அழுகையோடு சிரித்தான். "அப்படியே அப்பா பேசற மாதிரி பேசற."

ரேகுலா போனை வைத்துவிட்டு அப்பாவின் தாடையைத் துண்டால் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டு, ரீட்டல் ஊராட்சியைப் பக்கத்து வைலர்பாக்கோடு இணைப்பதா என்பது பற்றியது. இணைந்தால் பள்ளிக்கூடம் பிழைக்கும். ரேகுலா இருபத்திரண்டு வருஷமாக அங்கே ஆசிரியை. வகுப்பறையில் காலி நாற்காலிகள் கூடிக்கொண்டே போவதைத் தினமும் பார்ப்பவள். இணைந்தால் ஊரின் பெயர் பலகையில் சின்ன எழுத்தாகிவிடும், முடிவுகள் எல்லாம் வைலர்பாக்கில் எடுக்கப்படும் என்பது மற்றவர்கள் கட்சி. ஒஸ்வால்ட் அந்தக் கட்சி. "நம்ம தெருவிளக்க எப்போ அணைக்கணும்னு அடுத்த ஊர்க்காரன் சொல்லக் கூடாது" என்று படுக்கையில் கிடந்தபடியே வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். இதையே பெர்னில் வேறு வார்த்தைகளில் பன்னிரண்டு வருஷம் சொல்லியிருக்கிறார். மனிதன் தன் காரியத்தைத் தானே முடிவு செய்ய வேண்டும், ஊரும் அப்படித்தான். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டுபோன ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் ரயிலில் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து தின்றுவிட்டு, சபைக்குப் போய் இதைச் சொல்லிவிட்டு, அன்று மாலையே திரும்பிவிடுவார். மந்திரி ஆகவில்லை. மூன்று தேர்தல் ஜெயித்தார், நாலாவதில் தோற்றார். தோற்ற மறுநாள் காலை திராட்சைக் கொடி கட்டப் போய்விட்டார்.

ரேகுலா இணைப்புக்கு ஆதரவு. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை என்பதைவிட, அவர் கேட்கவில்லை என்பதுதான் சரி.

தபாலில் வந்த ஓட்டுக் கவரைப் பிரித்த அன்று அவர் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கண்ணின் நடுப்பகுதி போய் இரண்டு வருஷமாகியிருந்தது. ஓரத்தில் மட்டும் நிழல்போலத் தெரியும். பேனாவை விரல்கள் பிடிக்கவில்லை. எழுத முடியாதவருக்கு அவர் நம்புகிற வேறொரு வாக்காளர் எழுதிக் கொடுக்கலாம். மடியில் தட்டு வைத்து, அதன்மேல் சீட்டுகளைப் பரப்பி, அப்பாவின் பழைய மைப்பேனாவால் ரேகுலா ஒவ்வொன்றாக எழுதினாள். அதே ஞாயிறுக்கான தேசத்துக் கேள்விகள் முதலில் முடிந்தன. அவற்றில் அவர் சொன்னதை அப்படியே எழுதினாள்.

"இது ஊர்ச் சீட்டுப்பா."

"அதுல என்ன யோசிக்க இருக்கு? இல்லைன்னு எழுது."

அவள் பேனாவைச் சீட்டின்மேல் கொண்டுபோனாள்.

"உன்னுதையும் கையோட எடுத்துக்க. அதுலயும் அப்படியே எழுதிரு. ஒரே வேலையா முடிஞ்சுரும்."

உப்பை எடு என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமில்லை, அதிகாரமும் இல்லை. மகளும் அதைத்தான் எழுதுவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஒவ்வொரு பிரஜையின் மனசும் அவனவனுடையது என்று நாடு முழுக்கப் பேசிய மனிதர், எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் 'நீ என்ன நினைக்கிற' என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ரேகுலாவுக்கு நாற்பத்தாறு வயது.

கட்டத்துக்குள் அவள் 'ஆம்' என்று எழுதினாள். அவருடைய சீட்டில்.

கை தானாக எழுதிவிட்டது என்று பின்னால் பலமுறை தன்னிடமே சொல்லிப் பார்த்தாள். அது உண்மையில்லை. எழுத்தின் சுழிப்பு, வகுப்பில் பலகையில் எழுதுவதுபோல, நிதானமாகவே விழுந்திருந்தது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"வாசி."

"இல்லை," என்று அவள் வாசித்தாள்.

"நல்லது."

தன் சீட்டிலும் 'ஆம்' என்று எழுதினாள். வாக்காளர் அட்டையில் கையெழுத்தை மட்டும் அவரே போட்டார். அவள் பேனாவைக் கையில் கொடுத்து, முனையைக் கோட்டின்மேல் வைத்துவிட்டாள். நாக்கைக் கடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல, ஒஸ்வால்ட் வான்னர் என்று முழுப்பெயரையும் எழுதினார். கோடு தாண்டவில்லை. "பரவாயில்லையே" என்று தம்மைத் தாமே மெச்சிக்கொண்டார்.

இருவரின் கவர்களும் அவள் கைப்பையில் சில நாள் கிடந்தன. புதுச் சீட்டு கேட்டு வாங்கலாம். தப்பாக எழுதிவிட்டேன் என்றால் போதும், அலுவலகத்தில் ஒன்றும் கேட்காமல் கொடுப்பார்கள். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த வாசலைக் கடந்தாள். ஒரு நாள் காலை, பின்னால் பிள்ளைகள் "டீச்சர்" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவந்தபோது, திரும்பிப் பார்த்துக்கொண்டே இரண்டு கவர்களையும் பெட்டிக்குள் போட்டுவிட்டாள்.

"பெட்டிக்குள்ள போட்டுட்டியா?" என்று அப்பா அன்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டார்.

"போட்டாச்சு."

"அப்போ நான் இடையில செத்தாலும் செல்லும். கவர் வந்து சேந்தப்ப ஆள் உயிரோட இருந்தா போதும்." ஸ்பூனிலிருந்த சூப்பை விழுங்கிவிட்டு, "அந்தப் பிரிவ எழுதினவனே நான்தான்," என்றார்.

தபால் ஓட்டு விதிகளை அவர் எழுதவந்த கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். 1974இல், நோயாளிகள் மட்டுமே தபாலில் ஓட்டுப் போடலாம் என்றிருந்த காலத்தில், முதியோர் இல்லத்திலிருந்து வந்த ஒரு கட்டுச் சீட்டுகள் ஒரே கையால் எழுதப்பட்டிருந்ததை எண்ணும் மேஜையில் ஒஸ்வால்ட் கண்டுபிடித்தார். எழுதியவர் ஊராட்சிச் செயலர் வால்டர் எக்லி. ஒஸ்வால்டின் சொந்தக் கட்சிக்காரர். வாரத்தில் இரண்டு நாள் அவருடைய வீட்டில் சீட்டாடுகிறவர். ரேகுலாவுக்கு எக்லி மாமா. கைநடுங்கும் கிழவர்கள் கேட்டார்கள், அவர்கள் சொன்னதை எழுதிக் கொடுத்தேன் என்றார் எக்லி. ஊர்க் கூட்டத்தில் ஒஸ்வால்ட் எழுந்து நின்று கேட்டது ஒரே கேள்வி: "சொன்னதத்தான் எழுதினீங்கன்னு இங்க யாருக்குத் தெரியும், வால்டர்?"

யாருக்கும் தெரியவில்லை. எக்லி வேலையை விட்டார். குடும்பம் வைலர்பாக்குக்குப் போயிற்று. அடுத்த வருஷம் ஒஸ்வால்ட் பெர்னுக்குப் போனார். நண்பனென்றும் பார்க்காதவர் என்று பத்திரிகைகள் எழுதின. ஊர் விதியில் அவர் ஒரு வரி சேர்க்க வைத்தார்: இன்னொருவருக்காகச் சீட்டு எழுதியவரை எண்ணும் குழு முன்னிலையில், வாக்காளர் சொன்னதைத்தான் எழுதினாரா என்று கேட்க வேண்டும்.

எக்லியின் மகள் எல்ஸ்பெத், குடும்பம் ஊரைவிட்டுப் போகும்வரை பள்ளியில் ரேகுலாவின் பக்கத்தில் உட்கார்ந்தவள். ஊர்க் கூட்டத்துக்கு மறுநாள் ரேகுலா தன் பையை எடுத்துக்கொண்டு முன் பெஞ்சுக்கு மாறினாள். யாரும் மாறச் சொல்லவில்லை.

அந்த எல்ஸ்பெத்தான் இப்போது ரீட்டலின் ஊராட்சிச் செயலர்.

ஞாயிறு காலை எண்ணும் குழுத் தலைவர் கஸ்பார் போன் செய்தார். திராட்சைக்காரர், பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய குரல். "நீ வராத, ரேகுலா. வீட்டுல சவப்பெட்டி கெடக்கு. நாங்க பாத்துக்கறோம்."

"வர்றேன் கஸ்பார். இந்தத் தடவ எண்ணறது என் முறை."

"அப்பனுக்கேத்த பொண்ணு," என்றார் அவர்.

அலுவலகம் தெருவுக்கு அந்தப் பக்கம்தான். அந்தத் தூரத்துக்குள் அவள் சொல்ல வேண்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். 'ஒரு சீட்டு தப்பு. அத எடுத்துருங்க.' இவ்வளவுதான். காரணம் கேட்டால் சொல்லிவிடலாம். ஆசிரியை வேலை போகலாம். போகட்டும்.

கூட்ட அறையில் ரேடியேட்டர் தட்டிக்கொண்டிருந்தது. நாலு பேர் மேஜையைச் சுற்றி இருந்தார்கள். எல்லோரும் எழுந்து கை கொடுத்தார்கள். எல்ஸ்பெத்தும் கொடுத்தாள், "வருத்தமா இருக்கு, ரேகுலா," என்று அளவாகச் சொன்னாள். பிறகு கவர்களைப் பிரிக்க உட்கார்ந்தாள். வெளிக் கவரில் அட்டையைப் பார்த்து, வாக்காளர் பட்டியலில் பெயரைக் குறித்து, உள்கவரைப் பெட்டிக்குள் போடுவது அவள் வேலை.

ஒரு அட்டையில் அவள் கை நின்றது.

"ஒஸ்வால்ட் வான்னர்," என்று வாசித்தாள்.

யாரோ பெருமூச்சு விட்டார்கள். கஸ்பார் அட்டையை வாங்கி, கையெழுத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "பாருங்கய்யா. சாகக் கெடந்தும் கோடு தாண்டல. இங்க உயிரோட இருக்கறவன் சோம்பல்பட்டு ஓட்டுப் போடாம மூணு ஃப்ராங்க் அபராதம் கட்டறான், இந்த மனுஷன் செத்தும் ஓட்டுப் போடறாரு. செல்லுமில்ல, எல்ஸ்பெத்?"

"கவர் வந்தப்ப உயிரோட இருந்தாரு. செல்லும்." உள்கவர் பெட்டிக்குள் விழுந்தது.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். ரேகுலா தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தாள். இனி அது மற்ற கவர்களோடு கலந்துவிட்டது, யாருடையது என்று தெரியாது என்று தோன்றியது. அப்படித் தோன்றியதில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியை அவள் கவனித்தாள்.

மதியத்துக்கு முன் ஊர்ச் சீட்டுகளைப் பிரித்து அடுக்கினார்கள். ஆம் ஒரு பக்கம், இல்லை ஒரு பக்கம். பெரும்பாலும் பால்பாயின்ட் பேனா. கஸ்பார் ஒவ்வொன்றுக்கும் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தார்: இது டாக்டர் கிறுக்கல், இது குடிச்சிட்டு எழுதினது. அப்புறம், "இதென்ன, மைப்பேனா. ரெண்டு இருக்கே," என்றார்.

எல்ஸ்பெத் இரண்டு சீட்டுகளையும் வாங்கி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரே மை. ஒரே சுழிப்பு. இரண்டிலும் 'ஆம்'. அவள் நிமிரவில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து அவளுக்கு இந்த விஷயத்தில் பழக்கம் இருந்தது.

"ஒரே கை," என்றாள்.

"அட, ஊர்ல பாதிப் பேரு ரேகுலாகிட்ட எழுதப் படிச்சவங்க. எல்லாரும் இப்படித்தான் சுழிப்பாங்க," என்றார் கஸ்பார். "என் மவன் எழுத்தும் இதேதான்."

ரேகுலாவுக்கு அவர் ஒரு கதவைத் திறந்துவிட்டிருந்தார். அது தெரிந்தும், அவளுக்கு அதன் வழியே போகப் பிடிக்கவில்லை.

"ரெண்டும் நான் எழுதினது," என்றாள். "ஒண்ணு என்னோடது. ஒண்ணு அப்பாவுக்கு எழுதிக் குடுத்தது."

இதுவரைக்கும் உண்மை. மிச்சமும் வாய்வரை வந்திருந்தது.

எல்ஸ்பெத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அந்த வரியைக் கேட்க வேண்டியவள் அவள்தான். கேட்க வேண்டியிருக்கிறதே என்று அவள் கூசுவது தெரிந்தது. கழுத்து சிவந்துவிட்டது.

"மன்னிச்சுக்க. விதி. கேட்டே ஆகணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அவர் சொன்னதத்தான் எழுதினியா?"

மேஜையில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சந்தேகத்தோடு இல்லை, அனுதாபத்தோடு. எதிர்ச் சுவரில் முன்னாள் தலைவர்களின் படங்கள் இருந்தன. ரேகுலா அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"ஆமா," என்றாள்.

எல்ஸ்பெத் தலையை அசைத்துக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதினாள். இரண்டு சீட்டுகளும் ஆம் அடுக்குக்குப் போயின.

கஸ்பார்தான் முதலில் விளங்கிக்கொண்டார். "இருங்க இருங்க. அப்போ ஒஸ்வால்ட்… ஆமான்னா போட்டாரு?"

எல்ஸ்பெத் அடுத்த சீட்டை எடுத்தாள்.

"என்ன மனுஷன்யா," என்றார் கஸ்பார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆறு மாசமா என்னோட சண்ட போட்டாரு. கடைசியில யோசிச்சுப் பாத்திருக்காரு பாருங்க."

"கஸ்பார், இந்த அறையில நடக்கறது வெளிய போகக் கூடாது," என்றாள் எல்ஸ்பெத்.

"எனக்குத் தெரியாதா? கல்லறை மாதிரி இருப்பேன்."

ஆம் 214, இல்லை 197. இணைப்பு நிறைவேறியது. ஒரு சீட்டால் ஆனது ஒன்றுமில்லை. வீட்டுக்கு நடந்துவரும்போது ரேகுலா அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அது ஒரு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தாள்.

அன்று சாயங்காலமே ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மது விடுதியிலிருந்து திரும்பிய யூர்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றான்.

"கஸ்பார் சொல்றது நெசமாக்கா?"

"என்ன சொல்றாரு?"

"அப்பா ஆமான்னு போட்டாருன்னு. நீதான் எழுதிக் குடுத்தியாமே." உள்ளறையில் சவப்பெட்டி இருந்ததால் மெதுவாகப் பேசினான். "எங்கிட்ட போன்ல அவ்ளோ நேரம் பேசினாரு. ஊர்ல இருக்கற உன் ஃப்ரெண்ட்ஸ் கிட்ட இல்லைன்னு போடச் சொல்லுன்னாரு. எங்கிட்ட ஒண்ணு, உங்கிட்ட ஒண்ணா?"

ரேகுலா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பயந்துட்டாரா? வயசாயி… குழம்பிட்டாரா? நீ பக்கத்துல இருந்தியே. என்ன சொன்னாரு?"

"யூர்க், அவரப் புதைக்கட்டும். அப்புறம் பேசலாம்."

"நான் அவர அப்படி நினைச்சதேயில்ல," என்றான் அவன். இத்தனை வருஷமும் அப்பாவை எதிர்த்து ஒரு சொல் சொல்லாத பிள்ளை. உள்ளே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்காராமல், மாடிக்கு ஏறிப் போய்விட்டான். ரேகுலா தோல் உரித்த கிழங்கை மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை பிற்பகல் அடக்கம். பெர்னிலிருந்தும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். கட்சிக் கொடியைக் கீழே தாழ்த்திப் பிடித்தார்கள். வழக்கப்படி பாதிரியார் அம்மாள் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தார். யூர்க் எழுதிக் கொடுத்தது: பிறப்பு, திராட்சைத் தோட்டம், ஊர்த் தலைமை, 1974, பெர்ன். உணர்ச்சி காட்டாத வறட்டு நடை; அப்பாவுக்குப் பிடித்திருக்கும். கடைசியில் பாதிரியார் தாளிலிருந்து கண்ணை எடுத்தார்.

"இதுல இல்லாத ஒண்ணச் சொல்ல எனக்கு உரிமையில்ல. ஆனா நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். மனச மாத்திக்கத் துணிச்சல் வேணும். சாகப்போற நேரத்துலகூட அந்தத் துணிச்சல் அவருக்கு இருந்துது."

பெஞ்சுகளில் தலைகள் அசைந்தன. ரேகுலாவுக்குப் பக்கத்தில் யூர்க் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தன் கையுறையை எடுத்து மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

அடக்கத்துக்குப் பின் சாப்பாடு ஊர் விடுதியில். குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊர்த் திராட்சையின் சிவப்பு மது. முதல் கோப்பை வரை மெதுவாகப் பேசினார்கள். அப்புறம் கஸ்பார் ஒஸ்வால்டைப் போல நடித்துக் காட்டினார், எல்லோரும் சிரித்தார்கள். ரேகுலாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனவர்கள் எல்லோரும் ஒன்றையேதான் சொன்னார்கள். பெர்ன்காரர் ஒருவர், "கடைசிவரைக்கும் தாராளவாதி," என்றார்.

காற்றுக்காக அவள் வெளியே வந்தாள். கோட்டுகள் மாட்டும் நடையில் ஒரு கிழவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கையில் தொப்பி. சாப்பிட உள்ளே வரவில்லை. எக்லி மாமா. கடைசியாக எப்போது பார்த்தாள் என்று நினைவில்லை. காது பெரிதாகி, உடம்பு சிறிதாகிவிட்டிருந்தது.

"மாமா. உள்ள வாங்க. ஏன் இங்க உக்காந்துட்டீங்க?"

"எல்ஸ்பெத் கூட்டிட்டுப் போவா. அவ காபி குடிக்கட்டும்." அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "பெரியவளாயிட்ட நீ."

"மாமா, எனக்கு நாப்பத்தாறு."

"ஆமாமா." கிழவர் சிரித்தார். தொப்பியின் விளிம்பைச் சுற்றினார். "எல்ஸ்பெத் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டா. கஸ்பார்தான் சொன்னான். உங்கிட்ட அந்தக் கேள்வியக் கேட்டாங்களாமே."

"கேட்டாங்க."

"கஷ்டமா இருந்திருக்கும். எனக்குத் தெரியும். மொத்த ஊரும் உன் வாயவே பாத்துட்டு இருக்கும். உண்மையச் சொன்னாலும் பொய் மாதிரியே கேக்கும்." அவர் கையை நீட்டி அவள் முழங்கையைத் தொட்டார். "உன்ன நம்பிட்டாங்கல்ல. அது போதும்."

உள்ளே யாரோ கோப்பையைத் தட்டிப் பேச ஆரம்பித்தார்கள். ரேகுலா பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஈரக் கோட்டுகளின் வாசனை வந்தது.

"மாமா, அப்பா இல்லைன்னுதான் சொன்னாரு."

எக்லி அசையவில்லை. காது கேட்கவில்லையோ என்று நினைத்தாள்.

"இல்லைன்னு சொன்னாரு. நான் ஆமான்னு எழுதினேன். வாசின்னாரு. இல்லைன்னு வாசிச்சேன்."

கிழவர் தொப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிப்பார் என்றோ, திட்டுவார் என்றோ, அழுவார் என்றோ அவள் எதிர்பார்த்தாள். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"சுலபமா இருந்துச்சா?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டதுபோலத்தான் இருந்தது.

"இருந்துச்சு மாமா."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "அத்தன பேருக்கு எழுதிக் குடுத்தேன். மாத்தி எழுதணும்னு எனக்குத் தோணவே இல்ல."

பிறகு அவர் பெஞ்சின் கையைப் பிடித்து எழுந்தார். தொப்பியைத் தலையில் வைத்து, நேராக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"எல்ஸ்பெத் உள்ள இருக்கா," என்றார். "நான் கெளம்பிட்டேன்னு சொல்லு. கார்ல உக்காந்திருக்கேன்."

ரேகுலா உள்ளே போனாள். கூடத்தில் புகையும் பேச்சும் நிறைந்திருந்தன. எல்ஸ்பெத் ஜன்னலோர மேஜையில் தனியாக இருந்தாள். கைப்பை மடியில், கோட்டு ஏற்கெனவே தோளில். அவளுக்கு எதிரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ரேகுலா அதில் உட்கார்ந்தாள்.

"உங்கப்பா கார்ல இருக்காங்களாம்."

"சரி, கெளம்பறேன்." எல்ஸ்பெத் எழாமல் அவளைப் பார்த்தாள். "ரேகுலா, அன்னிக்கு அப்படிக் கேட்டது எனக்கு… உங்கிட்டப் போயி கேக்க வேண்டியதாயிருச்சு. தூக்கமே வரல."

"உன் வேலை அது."

"வேற ஏதாவது சொல்ல வந்தியா?"

பின்னால் கஸ்பாரின் சிரிப்பு வெடித்தது. யூர்க் அறையின் அந்தக் கோடியில் பெர்ன்காரர்களுக்கு மது ஊற்றிக்கொண்டிருந்தான். அக்காவைப் பார்த்துக் கோப்பையைச் சற்று உயர்த்தினான். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலரையைத் தாண்டியிருந்தது.

"காபி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டா?" என்றாள் ரேகுலா.

"வேண்டாம். போதும்."

ஓட்டு முடிவை எதிர்த்து முறையிடுவதற்கான கெடு அன்று மாலை ஐந்து மணிக்கு முடிந்தது. முறையீடு எதுவும் வரவில்லை. முடிவு உறுதி செய்யப்பட்டு, மறுநாள் காலை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் செயலர் எல்ஸ்பெத் எக்லியின் கையெழுத்தோடு ஒட்டப்பட்டது.